வேனில் இருக்கும் கேஸ் லைனில் கையடக்க கிரில்லை மாட்டலாமா?

கம்பம்_டெம்போ

எல்லோருக்கும் வணக்கம். பழைய டெம்போ டிராவலர் ஒன்றைக் கேம்பராக மாற்றி வைத்திருக்கிறேன். பின்பக்க மூலையில் வெளியே திறக்கிற கதவோடு ஒரு பெட்டி, அதற்குள் 5 கிலோ சிலிண்டர். ரெகுலேட்டரிலிருந்து செம்புக் குழாய் வண்டித் தரைக்கு அடியில் ஓடி, உள்ளே இருக்கும் இரண்டு பர்னர் அடுப்புக்கு ஏறுகிறது. பட்டறையில் கொடுத்துச் செய்த வேலை, அதில் குறை ஒன்றும் இல்லை.

இப்போது அமெரிக்காவிலிருந்து வந்த சித்தப்பா மகன் ஒரு கிரில்லைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான். பெட்டி பிரிக்காத புதுசு. சூட்கேஸ் மாதிரி மடித்துத் தூக்கலாம். அங்கே ஒரு பவுண்டு புரோப்பேன் சிலிண்டர் என்று கைப்பிடி அளவில் விற்கிறார்களாம், அதைத் திருகினால் வேலை முடிந்தது. நம்ம ஊரில் அந்தச் சிலிண்டருக்கு எங்கே போவது?

அடுத்த மாதம் குமுளி ஏறி வாகமண், அப்படியே மூணாறு சுற்றிப் போடிமெட்டு வழியாக இறங்கலாம் என்று திட்டம். வேனில் போகும் குழாயில் ஒரு டீ (T வடிவ இணைப்பு) போட்டு, வெளியே ஒரு முனை எடுத்து, இந்தக் கிரில்லை மாட்ட முடியுமா? கிரில்லின் பக்கத்தில் வட்டமாக ஒரு ரெகுலேட்டர் தொங்குகிறது. அதைக் கழற்ற வேண்டுமா, அப்படியே விடலாமா?

---

பரோட்டா_ஸ்டால்

இதற்கு ஏன் இவ்வளவு யோசனை? தேனியில் எந்த ஹோட்டல் சாமான் கடையில் கேட்டாலும் ஹை பிரஷர் ரெகுலேட்டர் கொடுப்பான். அதைச் சிலிண்டரில் மாட்டி, டியூப்பை நேராகக் கிரில்லுக்கு இழுத்துவிடு. எங்கள் கடையில் வருஷக்கணக்காக அப்படித்தான் ஓடுகிறது. தீ நின்று எரியும்.

---

அடுப்புக்கடை

பரோட்டா அண்ணே, உங்கள் கல் வேறு, அவர் கிரில் வேறு. உங்கள் பட்டி அடுப்பின் ஜெட் (கேஸ் பீச்சும் சின்னத் துளை), பர்னர், காற்றுத் துளை மூன்றும் அந்த அழுத்தத்துக்கென்றே வார்த்தவை. அதே ரெகுலேட்டரை வீட்டு அடுப்பு ரகப் பர்னரில் மாட்டினால் தீ பர்னரை விட்டு ஒரு விரல் எழும்பி நின்று இரையும். ஒரு காற்று அடித்தால் அணையும். அணைந்தாலும் கேஸ் மட்டும் வந்துகொண்டே இருக்கும். நம்ம கடைக்கு வரும் அடுப்புகளில் நாப் உருகி, கீழ்த்தட்டு கறுத்து வருகிறவை பெரும்பாலும் இந்த ரகம்தான்.

செங்கோட்டையில் அடுப்பு ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். ஆரியங்காவு, தென்மலை வரை வேலைக்குப் போவதுண்டு. அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், தம்பி பொறுமையாகப் படிக்கட்டும்.

சிலிண்டருக்குள் கேஸ் இருக்கும் அழுத்தம் ஒன்று, அடுப்பு கேட்கும் அழுத்தம் ஒன்று. வெயில் நாளில் உள்ளே பல பார் (அழுத்தத்தின் அலகு) இருக்கும். வீட்டு ரெகுலேட்டர் அதைச் சுமார் 30 மில்லிபாருக்கு இறக்கிக் கொடுக்கும். அதாவது ஒரு பாரில் நூறில் மூன்று பங்கு. உங்கள் செம்புக் குழாயில் ஓடுவது இந்த 30 மில்லிபார்தான். ஏற்கெனவே ஒரு ரெகுலேட்டரைத் தாண்டி வந்த கேஸ்.

கிரில்லில் தொங்குகிற ரெகுலேட்டரோ, நேராகச் சிலிண்டரில் உட்காருவதற்காகச் செய்தது. அதனுள்ளே கேஸ் புகும் துளை ஊசிமுனை அளவுதான். பின்னாலிருந்து பல பார் தள்ளும் என்ற நம்பிக்கையில் அவ்வளவு சின்னதாக வைத்திருக்கிறார்கள். அங்கே 30 மில்லிபாரைக் கொண்டுபோய் விட்டால் தேவையான அளவு கேஸ் கடக்காது. கிரில் பற்றும், மினுக்மினுக்கென்று எரியும், கோழி வேகாது. நீங்கள் ஜெட் அடைப்பு என்று குத்திக்கொண்டிருப்பீர்கள், சிலிண்டர் தீர்ந்துவிட்டது என்று மாற்றுவீர்கள். கோளாறு இரண்டிலும் இல்லை.

சிலிண்டருக்கும் ஜெட்டுக்கும் நடுவே ரெகுலேட்டர் ஒன்றுதான் இருக்க வேண்டும், அதுவும் அந்த ஜெட் கேட்கிற அழுத்தத்தைக் கொடுப்பதாக இருக்க வேண்டும். இரண்டு இருந்தால் தீ வராது. ஒன்றுகூட இல்லாவிட்டால் என்ன வரும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இப்போது கேள்வி, அந்த ஜெட் எவ்வளவு கேட்கிறது? கிரில்லின் அடியில் ஒரு தகடு ஒட்டியிருப்பார்கள். அதில் எழுதியிருப்பதை இங்கே போடுங்கள்.

---

டெக்சாஸ்_மாப்பிள்ளை

அடுப்புக்கடை அண்ணன் சொன்னது அப்படியே இங்கேயும் நடக்கிற கூத்துதான். இங்கே கேம்பர் வண்டிகளின் பக்கவாட்டில், பாவாடைத் தகட்டுக்கு அடியில் ஒரு குயிக் கனெக்ட் முனை வைத்தே விற்கிறார்கள். அதில் வருவது வண்டியின் பெரிய ரெகுலேட்டரைத் தாண்டிய கேஸ். இந்த ஊர்க் கணக்கில் 11 அங்குல நீர் அழுத்தம், ஏறக்குறைய 28 மில்லிபார். ஜனங்கள் கடையில் கையடக்க கிரில் வாங்கி, ரெகுலேட்டரோடு அதில் சொருகி, தீ வரவில்லை என்று கிரில்லைத் திருப்பிக் கொடுக்கப் போவார்கள்.

இங்கே இரண்டு வழியில் சரிசெய்கிறார்கள். ஒன்று, கிரில்லின் ரெகுலேட்டரைக் கழற்றிவிட்டு, குயிக் கனெக்ட் முனையிலிருந்து குறைந்த அழுத்தக் குழாய். இரண்டாவது, கிரில் ரெகுலேட்டரை அப்படியே விட்டுவிட்டு, வண்டி ரெகுலேட்டருக்கு முன்னாலேயே சிலிண்டர் வாயில் ஒரு டீ வைத்து, அதிக அழுத்தம் தாங்கும் குழாய் மூலம் எடுப்பது.

இரண்டாவது வழியை இந்தியாவில் யோசிக்கவே வேண்டாம் என்பது என் எண்ணம். நம்ம சிலிண்டர் வாயும் இந்த ஊர் திருகு மரையும் ஒத்துப்போகாது. நடுவில் போட ஆன்லைனில் கிடைக்கும் அடாப்டர்களை யார் சோதித்தார்கள் என்று தெரியாது. அந்தக் குழாயில் ஓடுவது முழுச் சிலிண்டர் அழுத்தம் என்பதை மறக்கக் கூடாது.

இன்னொன்று. கிரில்லைப் பார்க்கும்போது தீயைக் கூட்டிக் குறைக்கும் நாப் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். சில மாடல்களில் நாப்பும் ரெகுலேட்டரும் ஒரே உருப்படி. ரெகுலேட்டரைக் கழற்றினால் நாப்பும் போய்விடும். அப்படியானால் அந்த இடத்தில் குறைந்த அழுத்தத்துக்கான வால்வு தனியாக வாங்கிப் போட வேண்டும். நாப் கிரில் உடம்பில் தனியாக இருந்தால் வேலை சுலபம்.

---

கம்பம்_டெம்போ

அடுப்புக்கடை அண்ணே, இப்போதுதான் கவிழ்த்துப் பார்த்தேன். தகட்டில் புரோப்பேன் மட்டும் என்று இருக்கிறது. அழுத்தம் 11 அங்குல நீர். 12,000 பிடியு (வெப்பத் திறன் அளவு). நாப் முன்னால் கிரில் உடம்பிலேயே தனியாக இருக்கிறது. ரெகுலேட்டர் ஒரு பித்தளை நட்டில் நிற்கிறது, ஸ்பேனர் போட்டால் வந்துவிடும்போல. இன்னும் கை வைக்கவில்லை.

---

அடுப்புக்கடை

நல்ல வேளை, 11 அங்குலம். உங்களுக்கு அதிர்ஷ்டம். 12,000 பிடியு என்றால் மூன்றரை கிலோவாட். ஒரு கிலோ எல்பிஜியில் ஏறக்குறைய 12.8 கிலோவாட் மணி வெப்பம் உண்டு. அப்படியானால் முழுத் தீயில் மணிக்கு 270 கிராம் போகும். 5 கிலோ சிலிண்டரில் ஒரு வாரக் கடைசிக்குத் தாராளம்.

தகட்டில் 11 அங்குலம் இல்லாமல் பெரிய எண் இருந்திருந்தால் வேண்டாம் என்றே சொல்லியிருப்பேன். ஏன் என்றும் சொல்லிவிடுகிறேன், வேறு யாராவது படித்துவிட்டு இறங்கிவிடக் கூடாது. முகாம் அடுப்புகளில் ஒரு பார் அளவு அழுத்தத்துக்குச் செய்தவை இருக்கின்றன. அதே ஜெட்டுக்கு 30 மில்லிபார் கொடுத்தால் அழுத்தம் முப்பது மடங்குக்கும் மேல் குறைகிறது. கேஸ் ஓட்டம் வர்க்கமூலக் கணக்குப்படி ஆறில் ஒரு பங்காகிவிடும். உடனே ஜெட்டைத் துளைத்துப் பெரிதாக்கலாம் என்று ஒரு ஆள் கிளம்புவார். துளையைப் பெரிதாக்கினால் கேஸ் வரும், ஆனால் அதோடு கலக்க வேண்டிய காற்றை இழுக்கும் வேகம் இருக்காது. மஞ்சள் தீ, கரி, கார்பன் மோனாக்சைடு. டிரில் பிட்டை எடுத்து உள்ளே வையுங்கள்.

---

நெக்கர்கரை

ஜெர்மனியிலிருந்து. கொழிஞ்சாம்பாறை சொந்த ஊர். இங்கே கேரவன்களில் 30 மில்லிபார்தான் வழக்கம், பழைய வண்டிகளில் 50 இருக்கும். அதனால் யாராவது ஐரோப்பாவிலிருந்து கிரில் கொண்டுவந்தால் தகட்டில் 50 என்று இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

கம்பம் நண்பருக்கு ஒரு நுணுக்கம். அவர் கிரில் சுத்தமான புரோப்பேனுக்குச் செய்தது. நம்ம வீட்டு சிலிண்டரில் இருப்பது புரோப்பேனும் பியூட்டேனும் கலந்தது, பியூட்டேன் பங்கு அதிகம். ஒரே ஜெட், ஒரே அழுத்தம் என்றால் பியூட்டேன் கொஞ்சம் கூடுதல் வெப்பம் கொடுக்கும். ஐரோப்பிய அடுப்புகள் சிலவற்றில் பியூட்டேனுக்கு 28–30, புரோப்பேனுக்கு 37 மில்லிபார் என்று இரண்டு எண் போட்டிருப்பதற்குக் காரணம் இதுதான். ஒரே ஜெட்டில் இரண்டும் சமமாக எரியப் புரோப்பேனுக்குக் கூடுதல் அழுத்தம் வேண்டும்.

ஆகவே 28-க்குச் செய்த புரோப்பேன் ஜெட்டில் நம்ம எல்பிஜி 30-இல் போனால் தீ கொஞ்சம் கொழுத்து, நுனி மஞ்சளாக வரலாம். பர்னர் குழாயின் வாயில் காற்றைக் கூட்டும் சிறு தகடு இருந்தால் கொஞ்சம் திறந்துவிட்டால் போதும். நீலம் நிலைத்து நிற்க வேண்டும். கல்லின் அடியில் கரி படிந்தால் சரியில்லை என்று அர்த்தம்.

---

கொழிஞ்சாம்பாறைக்காரன்

நெக்கர்கரை அண்ணே, நம்ம ஊர்க்காரரா! வேலந்தாவளம் பக்கமா, இந்தப் பக்கமா?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எல்லோரும் ஜெட், மில்லிபார் என்று பேசுகிறீர்கள். சட்டப் பக்கத்தை ஒருவரும் தொடவில்லை. வீட்டு உபயோக 14.2 கிலோ சிலிண்டரை வேறு எதற்கும் எடுக்கக் கூடாது என்று 2000-ஆம் ஆண்டு எல்பிஜி உத்தரவு சொல்கிறது. இவர் வைத்திருப்பது 5 கிலோ என்பதால் கேட்கிறேன், அது வீட்டு இணைப்பில் வந்ததா, பெட்ரோல் பங்கில் வாங்கியதா? பங்கில் அடையாள அட்டை காட்டி வாங்கும் சிலிண்டர் என்றால் முகவரிச் சான்று தேவையில்லை, அதே கம்பெனியின் விற்பனை இடம் எதில் கொடுத்தும் மாற்றிக்கொள்ளலாம். கம்பத்தில் வாங்கிக் கேரளத்தில் மாற்றினாலும் பிரச்சினை இல்லை. எல்லையில் சுற்றுகிறவர்களுக்கு அதுதான் வசதி.

பெரிய சிலிண்டரிலிருந்து சின்னதுக்குக் கேஸ் மாற்றித் தருகிறேன் என்று சில கடைகளில் சொல்வார்கள். அந்தப் பக்கமே போகக் கூடாது. குற்றம் என்பது ஒருபுறம் இருக்கட்டும். அங்கே எவ்வளவு நிரப்பினார்கள் என்பதற்குக் கணக்கே கிடையாது. திரவம் விரிய மேலே இடம் விடாமல் நிரப்பிய சிலிண்டரை வெயிலில் நிற்கும் வண்டிக்குள் வைத்தால் என்ன ஆகும்?

அப்புறம் வண்டியின் ஆர்.சி. புத்தகத்தில் மாற்றம் ஏறியிருக்கிறதா? மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு அதைத்தான் கேட்கிறது. ஏறாத வண்டியில் தீ பிடித்தால் இன்சூரன்ஸ்காரன் முதலில் நீட்டுவது அந்தப் பக்கத்தைத்தான்.

---

கம்பம்_டெம்போ

பங்கில் வாங்கியதுதான். ஆர்.சி.யிலும் ஏற்றியாகிவிட்டது, பட்டறைக்காரரே அலைந்து முடித்துக் கொடுத்தார்.

---

பரோட்டா_ஸ்டால்

எல்லோரும் சேர்ந்து பயமுறுத்துகிறீர்கள். பத்து நிமிஷம் கோழி சுட இவ்வளவா? ஊரில் எத்தனை டெம்போவில் சமையல் மாஸ்டர்கள் சிலிண்டரை வைத்துக்கொண்டு சபரிமலை வரை போய் வருகிறார்கள்.

---

கொழிஞ்சாம்பாறைக்காரன்

போய் வருகிறார்கள்தான். 2023 ஆகஸ்ட் 26 மதுரையில் நடந்ததையும் நினைத்துக்கொள்ளுங்கள். லக்னோவிலிருந்து சுற்றுலா வந்த தனியார் ரயில் பெட்டி, மதுரை ஸ்டேஷன் அருகே நின்றுகொண்டிருந்தது. விடிகாலையில் டீ போடப் பெட்டிக்குள்ளேயே அடுப்பைப் பற்றவைத்தார்கள். ஒன்பது பேர் போனார்கள். ரயிலில் சிலிண்டர் கொண்டுவரவே கூடாது என்பது தெரிந்தும் ஏற்றியிருந்தார்கள். மூடிய இடம், தூங்கிக்கொண்டிருக்கும் ஆட்கள், கேஸ். வேனும் அதே கணக்குதான்.

---

அடுப்புக்கடை

பரோட்டா அண்ணன் கடை நாலு பக்கமும் திறந்த கடை, அதனால் கசிந்தாலும் காற்றோடு போய்விடுகிறது. வண்டிக்குள் அப்படிப் போகாது. எல்பிஜி காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனம். கசிந்த கேஸ் தரையோடு தரையாகத் தவழ்ந்து பள்ளத்தில் போய்த் தேங்கும். காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு சேர்ந்தாலே பற்றிக்கொள்ளும். அதனால்தான் சிலிண்டர் பெட்டிக்கு அடித்தட்டில் வெளியே போகும் துளை வேண்டும் என்பது. மேலே ஜன்னல் வைத்துப் பலனில்லை. தம்பி, உங்கள் பெட்டியின் அடியில் துளை இருக்கிறதா, சேறு அடைத்திருக்கிறதா என்று இன்றைக்கே ஒரு குச்சியை விட்டுப் பாருங்கள். பெட்டிக்கும் வண்டியின் உள்பக்கத்துக்கும் நடுவே ஒரு ஓட்டைகூட இருக்கக் கூடாது. ஒயர் போகிற துளையைப் பெரும்பாலும் அடைக்க மறந்துவிடுவார்கள்.

இனி டீ போடும் வேலை. இதை நீங்கள் செய்யாதீர்கள். கேஸ் லைன் வேலை தெரிந்த ஆளைக் கூப்பிட்டுச் செய்யச் சொல்லுங்கள், பக்கத்தில் நின்று கவனியுங்கள். எதைக் கவனிக்க வேண்டும் என்று சொல்கிறேன்.

டீ ரெகுலேட்டருக்குப் பிறகு வர வேண்டும், உள் அடுப்புக்குப் போகும் குழாய் தரைக்குள் ஏறுவதற்கு முன்னால். டீயிலிருந்து வெளிமுனைக்குப் போகும் கிளையில் தனியாக ஒரு கேஸ் பால் வால்வு. தண்ணீர்க் குழாய்க்குப் போடும் வால்வை மாட்டப் பார்ப்பார்கள், விடாதீர்கள். செம்புக் குழாயின் நுனியைப் புனல் மாதிரி விரித்துப் போடும் ஃப்ளேர் ஜாயின்டில் டெஃப்லான் டேப் சுற்றக் கூடாது. அங்கே அடைப்பது செம்பும் பித்தளையும் அழுந்துகிற முகம், மரை இல்லை. டேப் சுற்றினால் முகம் சரியாக உட்காராது. கூம்பு மரை ஜாயின்டில் மட்டும் கேஸுக்கு உகந்த சீலன்ட்.

வெளிமுனை எங்கே வர வேண்டும் என்பதுதான் பலர் கோட்டைவிடும் இடம். வாசலுக்குப் பக்கத்தில் வசதியாக இருக்கும் என்று வைப்பார்கள். கதவு, ஜன்னல், சைலன்சர் மூன்றிலிருந்தும் தள்ளி வையுங்கள். முன் சக்கரத்தின் பின்னால் வைத்தால் கல் தெறித்து அடிக்கும், அதுவும் ஆகாது.

---

நெக்கர்கரை

வெளிமுனைக்குச் சொருகினால் திறந்து, உருவினால் தானே மூடிக்கொள்ளும் கப்ளர் போடுங்கள். கேஸுக்கென்று செய்தது. காற்று கம்ப்ரஸர் கடைகளில் பார்க்க அதே மாதிரி ஒன்று மலிவாகக் கிடைக்கும், அதன் ரப்பர் வளையம் எல்பிஜிக்கு ஆகாது, ஊறி உப்பிவிடும். வால்வு மூடியிருந்தால்தான் சொருகவோ உருவவோ முடியும் என்கிற ரகம் கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்குங்கள். பயன்படுத்தாதபோது மூடி போட்டு வைக்க வேண்டும். குளவி கூடு கட்டிவிடும், நிஜமாகத்தான்.

கப்ளரிலிருந்து கிரில்லுக்கு எவ்வளவு நீளம் என்று யாரும் சொல்லவில்லையே?

---

அடுப்புக்கடை

ஒன்றரை மீட்டர். அதற்கு மேல் வேண்டாம். ஐஎஸ்ஐ முத்திரை உள்ள சுரக்ஷா டியூப், உள்ளே கம்பி வலை போட்டது. பச்சை ரப்பர் டியூப்பை இன்னும் சிலர் விற்கிறார்கள், எலி கடித்தால் ஒரு ராத்திரி தாங்காது. டியூப்பின் மேலேயே தேதி அச்சடித்திருக்கும், ஐந்து வருஷம் ஆனால் வெளியே எவ்வளவு புதுசாகத் தெரிந்தாலும் மாற்றிவிட வேண்டும். இரண்டு நுனியிலும் கிளிப். கிரில்லின் சூடான அடிவயிற்றில் டியூப் உரசாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கிரில் பக்கம், அந்தப் பித்தளை நட்டைக் கழற்றினால் உள்ளே என்ன மரை வருகிறது என்று அளந்து, அதற்கு ஏற்ற நிப்பிள் (டியூப் மாட்டும் முனை) லேத்தில் கடைந்து வாங்குவதுதான் சரி. அமெரிக்க மரையும் நம்ம மரையும் கிட்டத்தட்ட ஒன்றுபோல இருக்கும், இரண்டு சுற்று ஏறும், மூன்றாவதில் கடிக்கும். கடித்ததை இறுக்கி ஏற்றினால் பித்தளை கிழியும். கிழிந்த இடம் கண்ணுக்குத் தெரியாது.

எல்லாம் மாட்டியபின் சோப்புத் தண்ணீர். ஒவ்வொரு ஜாயின்டிலும் தாராளமாக ஊற்றிக் குமிழி வருகிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். தீக்குச்சி காட்டிப் பார்க்கும் வீரர்கள் தயவுசெய்து என் கடைப் பக்கம் வர வேண்டாம்.

அதற்கு மேல் ஒரு சோதனை உண்டு. கண்ணாடி மாதிரி தெரிகிற பிளாஸ்டிக் டியூப்பை ‘ப’வைக் கவிழ்த்தாற்போல் அல்ல, நிமிர்த்தினாற்போல் ஒரு பலகையில் கட்டி, பாதிவரை தண்ணீர் ஊற்றி, ஒரு வாயை லைனில் சேர்ப்பது. உள் அடுப்பு ஒன்று எரியும்போது இரண்டு பக்கத் தண்ணீருக்கும் நடுவே உயர வித்தியாசம் 30 சென்டிமீட்டருக்குக் கிட்டத்தில் நிற்கும். அதுதான் 30 மில்லிபார். எல்லாவற்றையும் அணைத்தால் கொஞ்சம் ஏறும். பிறகு சிலிண்டரை மூடிவிட்டுப் பத்து நிமிஷம் சும்மா உட்கார்ந்து பார்க்க வேண்டும். தண்ணீர் இறங்கினால் எங்கேயோ கசிகிறது. சோப்புக்குத் தப்பின கசிவுகூட இதில் மாட்டும். வேலை செய்ய வருகிற ஆளிடம் இந்தச் சோதனை செய்வாயா என்று முதலிலேயே கேளுங்கள். முழித்தால் வேறு ஆளைப் பாருங்கள்.

---

மாட்டுப்பட்டி_டீச்சர்

மூணாறு பக்கம் வருவதாகச் சொல்கிறாரே, அதனால் நானும் எழுதுகிறேன். டிசம்பர், ஜனவரியில் விடியற்காலையில் இங்கே சில நாள் புல் வெள்ளையாக உறைந்து கிடக்கும். வெப்பம் பூஜ்யத்தைத் தொடும். கீழே கம்பத்தில் ஜோராக எரிந்த அடுப்பு இங்கே சோம்பல் முறிக்கும். காரணம், பியூட்டேன் கொதிப்பது பூஜ்யத்துக்கு அரை டிகிரி கீழே. புரோப்பேன் மைனஸ் 42-இலேயே ஆவியாகிவிடும். குளிரில் முதலில் புரோப்பேன் போய்விடுகிறது. அடியில் மிஞ்சுவது பெரும்பாலும் பியூட்டேன். அதனால் பாதி தீர்ந்த சிலிண்டர்தான் முதலில் கைவிடும். போதாக்குறைக்கு, கேஸ் ஆவியாகும்போது சிலிண்டரின் சூட்டையே உறிஞ்சிக்கொள்ளும். சின்னச் சிலிண்டரில் மூன்றரை கிலோவாட் கிரில்லும் உள் அடுப்பும் சேர்ந்து எரிந்தால் வெளியே வியர்த்து, சில்லென்று ஆகிவிடும்.

அப்படி ஆனால் சிலிண்டரைக் கவிழ்ப்பது, வெந்நீர் ஊற்றுவது, அடியில் தீ காட்டுவது எல்லாம் பார்த்திருக்கிறேன். கவிழ்த்தால் ஆவிக்குப் பதில் திரவமே குழாய்க்குள் போய், கிரில்லில் ஆள் உயரத்துக்குத் தீ எழும்பும். வெயில் வரும்வரை காத்திருங்கள், அல்லது முழுச் சிலிண்டரோடு மேலே ஏறுங்கள். அவ்வளவுதான்.

இன்னொன்று, மழை வந்தால் கிரில்லை வண்டிக்குள் இழுக்காதீர்கள். வண்டிப் பக்கம் கட்டிய தார்ப்பாய்க்கு அடியிலும் வேண்டாம். நீலத் தீ எரிந்தாலும் மூடிய இடத்தில் கார்பன் மோனாக்சைடு சேரும், மணம் கிடையாது. மூணாறு மழையில் தார்ப்பாயை நாலு பக்கமும் இறக்கிக் கட்டிவிடுவது இங்கே சகஜம், அதனால்தான் சொல்கிறேன். சமைத்த கிரில்லைக் குளிர் காய உள்ளே வைப்பவர்களும் உண்டு.

சூரியநெல்லி, கொழுக்குமலைப் பக்கம் கோடையில் வருவதாக இருந்தால் காட்டை ஒட்டி எதையும் பற்றவைக்காதீர்கள். 2018 மார்ச்சில் குரங்கணியில் காட்டுத் தீ எப்படிப் பரவியது என்று போடிக்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள். அந்த மாதங்களில் புல் அவ்வளவு காய்ந்திருக்கும். அனுமதி உள்ள முகாம் இடத்தில், வெறும் மண் தரையில் மட்டும் வையுங்கள்.

---

கம்பம்_டெம்போ

டீச்சர், நன்றி. நாங்கள் கோடையில் வரவில்லை.

ஓடும்போது என்ன செய்வது? கம்பம்மெட்டு வளைவுகளில் வண்டி குலுங்குகிற குலுக்கலில் சிலிண்டரே பயமாக இருக்கிறது.

---

டெக்சாஸ்_மாப்பிள்ளை

சிலிண்டர் நிமிர்ந்து நிற்க வேண்டும், இரண்டு இடத்தில் பெல்ட். ஓடும்போது கேஸ் மூடியிருக்க வேண்டும். இங்கே சிலர் ஃபிரிட்ஜ் ஓட வேண்டும் என்று திறந்தே ஓட்டுகிறார்கள், நமக்கு அந்தத் தேவை இல்லை.

---

அடுப்புக்கடை

மூடுவது மட்டும் போதாது. மலைப்பாதையில் ரெகுலேட்டரையே கழற்றி, சிலிண்டர் வாயில் பாதுகாப்பு மூடியைப் போட்டு நூலை இழுத்துக் கட்டிவிடுங்கள். இறங்கினதும் மறுபடி மாட்டும்போது உள்ளே இருக்கும் சின்ன ரப்பர் வளையம் இருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பாருங்கள். அது பிய்ந்தோ இல்லாமலோ இருந்தால்தான் மாட்டின உடனே உஸ் என்று சத்தம் வரும்.

செம்புக் குழாயைத் தரைக்கடியில் அரை மீட்டருக்கு ஒரு கிளாம்ப் போட்டுப் பிடித்திருக்கிறார்களா பாருங்கள். சேசிஸ் துளை வழியாக நுழையும் இடத்தில் ரப்பர் வளையம் இல்லாவிட்டால் அதிர்வில் அறுத்துவிடும். ஒவ்வொரு மலை இறங்கினதும் ஒரு குப்பி சோப்புத் தண்ணீரோடு ஒரு சுற்று. அதற்குள் டீ கொதித்துவிடும், பெரிய வேலை இல்லை.

சிலிண்டர் வாங்கும்போது கைப்பிடிக்குக் கீழே உள்தகட்டில் ஏ, பி, சி, டி என்று ஒரு எழுத்தும் வருஷமும் இருக்கும். ஏ என்றால் ஜனவரி முதல் மார்ச், அப்படியே மூன்று மூன்று மாதம். சோதனைக் கெடு தாண்டியதைப் பங்கில் கொடுத்தால் திருப்பிக் கொடுங்கள். கேஸ் கசிந்தால் கூப்பிட 1906. டிரைவர் பக்கம் ஒரு டிரை பவுடர் தீயணைப்பானும் இருக்கட்டும், சிலிண்டர் பெட்டிக்குள் வைத்துவிடாதீர்கள்.

---

பரோட்டா_ஸ்டால்

சரி சரி, ஹை பிரஷர் ரெகுலேட்டரை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். ஒரு சந்தேகம். உள் அடுப்பும் கிரில்லும் சேர்ந்து எரிந்தால் அந்த ஒரு ரெகுலேட்டர் தாங்குமா?

---

அடுப்புக்கடை

நல்ல கேள்வி அண்ணே. வண்டியில் போட்டிருக்கும் ரெகுலேட்டரின் முதுகில் மணிக்கு எத்தனை கிலோ என்று எழுதியிருக்கும். கிரில் 270 கிராம், உள் அடுப்பில் ஒரு பர்னர் ஏறக்குறைய 150 கிராம். கூட்டிப் பார்த்து அதற்குள் இருந்தால் சரி. தாண்டினால் கிரில்லைக் கூட்டும்போது உள்ளே குழம்பு அடுப்பு குறுகும். அதைவிட, ஆள் வெளியே இருக்கும்போது உள்ளே காற்றில் அணைந்துவிட்டால் யார் பார்ப்பது? கிரில் எரியும்போது உள் அடுப்பின் வால்வை மூடிவிடுவதுதான் என் யோசனை.

---

கம்பம்_டெம்போ

எல்லோருக்கும் தகவல். லைன் வேலை தெரிந்த ஆள் தேனியிலிருந்து வந்து டீயும் வால்வும் போட்டுக் கொடுத்தார். தண்ணீர் டியூப் சோதனை கேட்டதும் அவரே பையிலிருந்து எடுத்தார். எரியும்போது 29 சென்டிமீட்டர், மூடினபின் அசையவில்லை. பெட்டியின் அடித்துளை பாதி சேற்றால் அடைந்திருந்தது, குத்தி எடுத்தாகிவிட்டது. கிரில்லுக்கு நிப்பிள் லேத்தில் கடைந்தது.

தீ முதலில் நுனியில் மஞ்சளாகத்தான் வந்தது. நெக்கர்கரை சொன்ன தகட்டைக் கொஞ்சம் திறந்ததும் நீலமாகிவிட்டது. வீட்டு வாசலிலேயே ஒரு கிலோ கோழி சுட்டுப் பார்த்தோம். கழற்றிய அமெரிக்க ரெகுலேட்டரைத் தூக்கிப் போட்டுவிடலாமா?

---

அடுப்புக்கடை

போடாதீர்கள். உங்கள் தம்பி அடுத்த முறை வந்து கிரில்லைத் திரும்பக் கேட்டால் அது வேண்டும். ஒரு கவரில் போட்டு, ‘ஒரு பவுண்டு சிலிண்டருக்கு மட்டும்’ என்று எழுதி வீட்டில் வையுங்கள், வண்டியில் வேண்டாம். கிரில் மூடியின் உள்பக்கத்திலும் ‘வேன் லைன் மட்டும், நேராகச் சிலிண்டரில் மாட்டாதே’ என்று பெயின்டால் எழுதிவிடுங்கள். இப்போது அதில் ரெகுலேட்டர் இல்லை. இரவல் வாங்கிப் போகிறவனுக்கு அது தெரியாது.